முன்னால் நடந்தவள்

ஊசி என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். அவள் துணி தைப்பவள் அல்ல. கம்ப்யூட்டரிலும் போனிலும் ஆடும் ஒரு கேமில் வரும் ஆட்களுக்கு உடை வரைபவள். கேமுக்குள் இருப்பது ஒரே உடம்புதான். அதன் மேல் கவசத்தைப் போர்த்தினால் போர்வீரன், வலையைத் தோளில் மாட்டினால் மீனவன். அப்படிப் போர்த்தும் தோற்றத்துக்கு ஸ்கின் என்று பெயர். யாராவது வரைந்த சட்டையில் ஒரு பித்தான் கோணலாக இருந்தாலும் அவள் கண்ணை அது உறுத்தும். விடாமல் சொல்லிக் காட்டுவாள். அதனால் ஊசி.

வேலை முழுவதும் வீட்டிலிருந்துதான். மூன்றாவது மாடியில் ஒன்றரை அறை. அரை அறை என்பது சமையலறை. அதில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நிற்க இரண்டாவது ஆள் கிடையாது. கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டு பேரும் சத்தம் போடாமல் பிரிந்து, அதுவும் பழங்கதை ஆகிவிட்டது. காலையில் மேலாளர் நடத்தும் வீடியோ கூட்டத்தில், "நான் பேசுறது கேக்குதா?" என்று அவள் கேட்பதுதான் அன்றைய முதல் பேச்சு. சில நாட்களில் அதுவே கடைசிப் பேச்சாகவும் இருக்கும்.

மதியம் சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் கேமுக்குள் போவாள். அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. தான் வரைந்த உடைகளை யார் போட்டிருக்கிறார்கள், ஓடும்போது மடிப்பு சரியாக விழுகிறதா என்று பார்க்கத்தான் போவாள். தன்னை யாரும் கண்டுகொள்ளக் கூடாதென்று, புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் மீசைக்காரக் காவலாளி ஸ்கின்னையே போட்டுக்கொள்வாள்.

கேமில் சண்டைக்களத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊர் உண்டு. கடைகள், ஒரு பாலம், ஒரு மணிக்கூண்டு. எல்லோரும் அதைத் தாண்டி ஓடுவார்களே தவிர யாரும் நிற்க மாட்டார்கள். அந்த ஊரில் ஒரு மதியம் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று நடந்து போவதைப் பார்த்தாள்.

அது அவள் வரைந்த பெண் ஸ்கின். முட்டிக்குக் கீழே தொங்கும் கோட்டு. கோட்டோடு சேர்ந்த தொப்பி தலையை முழுதாக மூடியிருக்கும். மடித்துவிட்ட கை. ஒரு பாக்கெட்டின் தையல் மட்டும் லேசாக விலகியிருக்கும்; ஊசியே வேண்டுமென்று விட்ட ஒரே கோணல் அது. மழைக்காலத்தையொட்டிக் கேமில் எல்லோருக்கும் சும்மா கொடுத்தது. இறக்கை இல்லை, மினுமினுப்பு இல்லை என்று யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் இந்த மழைக்கோட்டு நிதானமாக நடந்தது. கடைக் கண்ணாடி முன் நின்றது. பாலத்தில் ஏறி, தண்ணீரைப் பார்த்துவிட்டு இறங்கியது. ஊசி தன்னை அறியாமல் பின்னாலேயே போனாள். மணிக்கூண்டு அருகே மழைக்கோட்டு நின்றது. திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது.

"என்ன தம்பி, பின்னாடியே வர்றே? வேற வேலை இல்லையா?"

ஊசிக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டது போல இருந்தது. "சும்மாதான்க்கா. கோட்டு நல்லா இருக்கு" என்று தட்டினாள்.

"அக்காவா? நான் ஆம்பளப்பா. அம்பது தாண்டியாச்சு."

இப்படித்தான் கொக்கு அறிமுகமானார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கை இறக்கும் உயரமான கிரேன். அதன் உச்சியில் கண்ணாடி அறை. மதிய இடைவேளையில் கீழே இறங்கி மறுபடி ஏறுவதற்குள் இடைவேளையே முடிந்துவிடும் என்பதால், டப்பாவைத் திறந்து மேலேயே சாப்பிட்டுவிட்டு போனில் விளையாடுவார். ஒற்றைக்காலில் மேலே நிற்கிற ஆள் என்று கீழே இருப்பவர்கள் வைத்த பெயர் கொக்கு.

"சண்டைக்குப் போக மாட்டீங்களா?" என்று ஊசி கேட்டாள்.

"எனக்கெதுக்குச் சண்டை? நான் நடக்கத்தான் வர்றேன்."

மறுநாளும் அவர் வந்தார். அவளும் போனாள். காவலாளியும் மழைக்கோட்டும் ஊரைச் சுற்றினார்கள். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே காற்று அதிகம், பெட்டி ஊஞ்சலாடுது என்பார் அவர். பக்கத்து வீட்டில் சுவரில் துளை போடுறாங்க, தலைக்குள்ளயே போடுற மாதிரி இருக்கு என்பாள் இவள். சில நாள் ஒன்றும் பேசாமல் பாலத்தில் நின்றுவிட்டு அவரவர் வேலைக்குப் போவார்கள். ஆனாலும் காலையிலிருந்தே அவள் மனது மதியத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் அவர் கொதித்துப்போய் வந்தார். துறைமுகத்தில் கிரேன்களை இனிமேல் கீழே அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து ஓட்டப் போகிறார்களாம். அதற்கு முன் எல்லோரும் கொஞ்சம் புரோகிராம் எழுதப் படிக்க வேண்டுமாம். வாரத்தில் ஒருநாள் வகுப்பு.

"ரெண்டு எண்ணை வாங்கிக் கூட்டிச் சொல்ற புரோகிராம். அவ்வளவுதான் வீட்டுப்பாடம். எழுதிட்டேன். ரெண்டும் மூணும் குடுத்தா இருபத்திமூணுங்குது! எனக்குப் பைத்தியமா, அதுக்குப் பைத்தியமா?"

ஊசி நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். அறையில் தன் சிரிப்பு கேட்டதும் அவளுக்கே கூச்சமாகப் போய்விட்டது. சிரித்ததற்குக் காரணம் இருந்தது: அவள் நிறுவனமும் படம் வரைபவர்கள் எல்லோரும் புரோகிராம் கற்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அவளும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தாள்.

"அது எண்ணுன்னே அதுக்குத் தெரியாது அண்ணா. நீங்க தட்டினதை எழுத்தாத்தான் பாக்குது. 2ன்னு ஒரு எழுத்து, 3ன்னு ஒரு எழுத்து. ரெண்டையும் சேத்து ஒட்டிடுது. முதல்ல 'இதை எண்ணா எடுத்துக்கோ'ன்னு சொல்லணும்."

"ஓ! எங்க சூப்பர்வைசர் ஜாதி. சொன்னாத்தான் புரியும்."

கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சு வந்திருச்சு! தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்று எழுதினார்.

"நானும் தம்பி இல்ல அண்ணா."

மழைக்கோட்டு அசையாமல் நின்றது. "மீசை வச்சிருக்கியேம்மா?"

"அது இலவசமா குடுத்தது. என்னை ஊசின்னு கூப்பிடுவாங்க."

அதன்பின் வீட்டுப்பாடம் இருவருக்கும் பொதுவாகிவிட்டது. கூட்டல் முடிந்து பெருக்கல் வந்தது. வகுத்தலில் பூஜ்யத்தைக் கொடுத்து அவர் புரோகிராமையே கவிழ்த்தார். ஒற்றை எண்ணா இரட்டை எண்ணா என்று கண்டுபிடிக்கும் புரோகிராம் எழுதிய அன்று, கப்பலிலிருந்து இறக்கிய ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் அதில் தட்டிப் பார்த்ததாகச் சொன்னார். கீழே நிற்பவன், "கொக்கு மேல என்னய்யா பண்ணுது?" என்று வயர்லெஸ்ஸில் கத்தினானாம்.

கேமுக்குள் மழை பெய்த ஒரு மதியம் அவர் மணிக்கூண்டு அருகே வெகுநேரம் நின்றிருந்தார்.

"எதுக்கு எப்பவும் இந்தக் கோட்டையே போடறீங்க?" என்று ஊசி கேட்டாள். தான் வரைந்ததைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வரும் என்ற ஆசைதான்.

"என் வீட்டுக்காரிகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. கரண்ட் மீட்டர் பாக்கற வேலை அவளுக்கு. தெருத் தெருவா நடப்பா. நடந்து நடந்து அந்த வேகம் கால்லயே தங்கிப்போச்சு. லீவு நாள்ல ரெண்டு பேரும் வெளிய போனாலும் அவ முன்னாடி போயிடுவா, நான் பின்னாடி. 'கொஞ்சம் நில்லேன்'னா, 'நீங்க வாங்க'ன்னு சொல்லிட்டே போயிட்டிருப்பா."



"போயிட்டா. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ. அங்கயும் எனக்கு முன்னாடிதான் உள்ள நடந்து போனா." கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தது வந்தது. "இந்த கேம்ல நாம ஓட்டற ஆளோட முதுகு மட்டும்தானே தெரியுது. தொப்பி வேற தலையை மூடிடுது. அதனால அவ முன்னாடி போறா, நான் பின்னாடி போறேன். அவ்வளவுதான். உன்கிட்டதான் சொல்றேன். வேற யார்கிட்டயும் சொன்னா சிரிப்பாங்க."

இந்தக் கோட்டை வரைந்தவள் நான்தான் என்ற வார்த்தை அவள் விரல் நுனி வரை வந்தது. ஆனால் சொன்னால், கோட்டுக்குள் இருக்கும் அந்த அம்மாவை உதறிக் கீழே கொட்டியது போல ஆகிவிடும் என்று பட்டது. தட்டாமல் விட்டுவிட்டாள்.

சில வாரங்களில் மேலாளர் கூட்டத்தில் ஒரு படத்தைக் காட்டினார். யாரும் போடாத பழைய ஸ்கின்களைப் புதுப்பிக்கப் போகிறார்கள். மஞ்சள் மழைக்கோட்டும் அதில் இருந்தது.

"தொப்பியைக் கீழ இறக்கிடு. நல்ல சிவப்பு முடி, காத்துல பறக்கற மாதிரி. ஓரமெல்லாம் கொஞ்சம் மின்னட்டும். சும்மா நிக்கும்போது திரும்பி ஒரு கண்ணடி" என்றார் மேலாளர்.

"அது அப்படியே இருக்கட்டுமே. சிலருக்கு அப்படித்தான் பிடிச்சிருக்கு."

"எத்தனை பேருக்கு?"

அவளுக்குத் தெரிந்து ஒருவருக்கு.  அடுத்த ஸ்கின்னுக்குப் போய்விட்டார்கள்.

வேலையை அவள்தான் செய்தாள். அரைகுறையாகவும் செய்யவில்லை. அந்தச் சிவப்பு முடி காற்றில் பிரிந்து பிரிந்து பறக்க வேண்டும் என்று இழை இழையாக வரைந்தாள். முடி சரியாக வந்த அன்று மனதுக்குள் ஒரு பூரிப்புகூட வந்தது. உடனே கொக்குவின் நினைவு வந்தது. இன்று மதியம் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பாள். மதியம் பாலத்தில் நின்றுகொண்டு அவர் ஏதாவது வேடிக்கை சொல்வார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவாள்.

புதிய ஸ்கின்கள் வெளியான அன்று, ஊசி கேமைத் திறப்பதற்கு முன்பே அவர் வந்து நின்றிருந்தார்.

"ஊசி, யாரோ ஒருத்தி நிக்கிறா."

அவள் தட்டுவதற்குள் அடுத்தது வந்தது. "செவப்பு முடி. நான் சும்மா நின்னா திரும்பி என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறா. பழைய கோட்டை எங்க தேடினாலும் காணோம். என் போன்லதான் கோளாறா? இல்ல எல்லாருக்கும் இப்படியா?"

"எல்லாருக்கும்தான் அண்ணா."

"யார் இந்த வேலையைப் பண்ணினாங்களோ, அவங்களுக்கு எழுதிக் கேட்டா பழையபடி மாத்திக் குடுப்பாங்களா? உனக்கு இதெல்லாம் தெரியுமே."

 கண்ணாடிக் கதவுக்கு வெளியே பட்டப்பகல். யாரோ மொட்டைமாடியில் போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் அண்ணா பண்ணினேன். முதல்ல மழைக்கோட்டை வரைஞ்சதும் நான்தான். இப்ப மாத்தினதும் நான்தான். என் வேலையே அது."

"ரெண்டுமேவா?"

"ஆமா."

"நான் அன்னிக்கு அவளைப் பத்திச் சொன்னப்ப உனக்குத் தெரியும்."

"கோட்டு என்னுதுன்னு தெரியும். மாத்தப் போறாங்கன்னு அப்ப தெரியாது. தெரிஞ்சப்புறமும் சொல்லல."

சிவப்பு முடிக்காரி மெதுவாகத் திரும்பி, யாரைப் பார்த்தோ கண்ணடித்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஊசி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது, "லோடு வந்திருக்கு. வர்றேன்" என்று இருந்தது.

அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை, அந்த வாரமும் இல்லை. மீசைக்காரக் காவலாளி மட்டும் பாலத்தில் நின்றான். ஓடுகிற கூட்டம் அவன் மேல் இடித்துக்கொண்டு ஓடியது.

ஊசி மேலாளரைத் தனியாக அழைத்துப் பேசினாள். பழைய தொப்பியையும் ஒரு தேர்வாக வைக்கலாமே, ரெண்டில் எது வேண்டுமோ போட்டுக்கொள்ளட்டுமே என்றாள். மேலாளர் கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார்.

"புதுசுக்கு நல்ல வரவேற்பு. நிறைய பேர் போட்டிருக்காங்க. நீ வரைஞ்சதுதானே, உனக்கே பெருமையா இல்லையா?"

"இருக்கு. ஆனா..."

"அப்புறம் என்ன? விட்டுடு."

கூட்டம் முடிந்ததும் திரை கறுத்து, அதில் அவள் முகமே தெரிந்தது.

நிறுவனத்தின் புரோகிராம் வகுப்பு மட்டும் அவளுக்குத் தொடர்ந்தது. அந்த வாரப் பாடத்தில், எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று என்று ஒரு வரி இருந்தது. ஒரு எண் தன்னைவிட ஒன்று அதிகமான எண்ணுக்கு எப்படிச் சமமாக முடியும்? பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பார்கள். சிரிப்பு வந்தது. இதை உடனே சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில், அவர் கேமில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணைந்து வெகுநாளாகிவிட்டது. அவள் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் பாடத்தில் அடுத்து வந்தது நினைவில் தட்டியது. திரையில் ஒரு புள்ளியை வைத்து, அது இருக்கும் இடத்தோடு ஒன்றைக் கூட்டினால் புள்ளி ஓர் அடி நகரும். மறுபடி கூட்டினால் மறுபடி நகரும். சரி, புள்ளிக்குப் பதில் ஒரு ஆளை வைத்தால்?

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

நிறுவனத்தின் மழைக்கோட்டை அவள் தொடவில்லை. அது அவள் வரைந்ததே ஆனாலும் அவளுடையது அல்ல. புதிதாக வரைந்தாள். கொக்கு சொன்னதையெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்தாள். மீட்டர் பார்க்கிறவர் என்றால் தோளில் பை தொங்கும். தெருத் தெருவாக நடப்பவர் தழையத் தழையக் கோட்டுப் போட மாட்டார். முட்டிக்கு மேலேயே நின்றுவிடும். தொப்பி, கோட்டு, பை, எட்டி வைக்கும் கால்கள். முகம் தேவைப்படவில்லை. கீழிருந்து மேலாகப் போகும் ஒரு தெருவையும் வரைந்தாள். இருபுறமும் வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் ஒரு மீட்டர் பெட்டி.

படம் வரைந்தது சீக்கிரம். புரோகிராம்தான் உயிரை வாங்கியது. முதலில் கூட்டலுக்குப் பதில் கழித்தலைப் போட்டுவிட்டாள். அந்த அம்மா பின்னோக்கி நடந்து வந்து திரைக்குக் கீழே போய்விட்டார். பிறகு கால்கள் மட்டும் நடந்தன, உடம்பு நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு எல்லாம் சரியாக வந்தும் வீடுகள் அவரோடு சேர்ந்து நடந்தன. "ஐயோ, வீடுங்களா, நில்லுங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். பல நாள் மதியங்கள் இதிலேயே போயின. கடைசியில் ஒருநாள், பட்டனை அழுத்தினால் அந்த அம்மா தெருவில் மேல்நோக்கி நடந்தார். விரலை எடுத்தால் நின்றார். திரும்பவில்லை.

புரோகிராமைக் கேமின் செய்திப்பெட்டி வழியாகக் கொக்குவுக்கு அனுப்பினாள். கூட என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியதை அழித்தாள். "நேரம் கிடைச்சா பாருங்க அண்ணா" என்று எழுதி, தன் போன் நம்பரைப் போட்டாள்.

பதில் இல்லை. வெயில்காலம் போய்விட்டது. மேலாளர் நெருப்புச் சிறகு வரையச் சொன்னார், வரைந்தாள். கேமுக்குப் போவதையும் விட்டுவிட்டாள். அந்தப் பாலத்தில் தனியாக நிற்பது, அறையில் தனியாக இருப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஊசியா?" கட்டைக் குரல். எழுத்தில் கேட்ட குரலைவிட வயதானது. "கொக்கு பேசறேன்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "சொல்லுங்க அண்ணா."

"எங்களைக் கீழ இறக்கிட்டாங்கம்மா. இப்ப அறைக்குள்ளதான் வேலை. இங்க போனை வெளிய எடுத்தாலே முறைக்கிறாங்க. கேம் பக்கமே போகல. போன வாரம்தான் திறந்தேன், அழிச்சுடலாம்னு. அப்பதான் நீ அனுப்பினதைப் பாத்தேன்."

"ம்."

"கோவம் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா பொய். அவளைப் பத்திச் சொன்னதே தப்போன்னு நினைச்சேன்."

"தெரியும் அண்ணா. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றார் அவர். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. "வகுப்பு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். பை மாட்டியிருக்கா. பையைப் பத்தி நான் சொல்லவே இல்லையே?"

"இருக்கும்னு தோணுச்சு."

"அவ வலது தோள்ல மாட்டுவா. நீ இடது தோள்ல போட்டிருக்க. அது கிடக்கட்டும்." அவர் தொண்டையைச் செருமினார். "ஆனா அவ இவ்வளவு மெதுவா நடக்க மாட்டாம்மா."

"மாத்தித் தரேன் அண்ணா, இன்னிக்கே..."

"நானே மாத்திட்டேன். நீ ஒண்ணு கூட்டியிருந்த. நான் அதை மூணு ஆக்கினேன்."

ஊசி போனைக் காதில் வைத்தபடியே சிரித்துவிட்டாள். 

"இப்ப சரியா போறா. தெருதான் சீக்கிரம் முடிஞ்சிடுது" என்றார்.

"தெரு முடிஞ்சப்புறம் என்ன பண்ணணும்னு எனக்கு எழுதத் தெரியல அண்ணா."

"பரவாயில்ல. நானும் அந்தப் பாடத்துக்கு இன்னும் வரல."

 போனில் எங்கோ ஏதோ பீப் பீப் என்று சத்தம் கேட்டது.

"மேல இருந்தா காத்தடிக்கும்மா. கேபினே ஆடும். புதுசா வர்ற பசங்க பயப்படுவானுங்க. இங்க நாற்காலி ஆடவே மாட்டேங்குது. நாள் முழுக்க ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கு." பிறகு கேட்டார், "உன் வீட்டுல யார் யார் இருக்கா? நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

"நான்தான் அண்ணா."

"நீ மட்டுமா?"

"ம்."

அவர் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. "சரி" என்றார் மெதுவாக. பின்னால் யாரோ அவரை அதட்டிக் கூப்பிட்டார்கள். அவர் போனை வைத்துவிட்டார்.

அதன்பின் அவர் அவ்வப்போது அழைப்பதுண்டு. மாதக்கணக்கில் இடைவெளி விழும். பேச்சு நீளாது. வீட்டுப்பாடத்தில் ஒரு சந்தேகம் இருக்கும், அல்லது அதுகூட இருக்காது. அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

அவர் முதன்முதலாகப் பேசிய அன்று, போனை வைத்தபின் ஊசி ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீழே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசிப் பிள்ளை போய், தெரு காலியானது. அவள் அந்த அம்மாவின் படத்தைத் திறந்து, இடது தோளில் இருந்த பையை அழித்தாள். வலது தோளில் வரையத் தொடங்கினாள்.